நோட்டில் எத்தனையாவது வரி?

(கீழக்குயில்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த படிப்பு வட்டத்தில் பேசியது. கைபேசியில் பதிவானதைக் கேட்டு எழுதினேன். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



'தேசிய அடையாளமும் தலித்துகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் கூட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருத்தர் இந்தியத் தேசியத்தை எடுப்பார், இன்னொருத்தர் தமிழ்த் தேசியத்தை எடுப்பார், மூணாவது ஆள் ரெண்டையும் திட்டுவார், டீ வந்துரும். நான் இன்றைக்கு அந்த வழியில் போகப் போவதில்லை. கடல் தாண்டி ஒரு சின்னத் தீவுக்கு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு, இதே மலையடிவாரத்துக்குத் திரும்பக் கொண்டாந்து விடுகிறேன்.

தீவின் பெயர் மொரீஷியஸ். நம்ம மதுரை மாவட்டத்தில் பாதிதான் இருக்கும். ஜனத்தொகை பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். 1968 மார்ச் 12-இல் வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை. 1992 மார்ச் 12-இல் குடியரசு. அந்தக் குடியரசின் முதல் ஜனாதிபதி வீராசாமி ரிங்காடு. பெயரைக் கேட்டாலே தெரியுது, நம்ம பக்கத்து ஆள்.

இந்தத் தீவு எப்படி என் மண்டைக்குள் வந்தது என்றால், ஒரு ரூபாய் நோட்டு வழியாக வந்தது. நான் வங்கியில் கிளார்க். ஒரு நாள் கவுண்டரில் ஒரு பெரியவர், பென்ஷன் எடுக்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மருமகன் மொரீஷியஸில் கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்தவராம். அங்கத்திய நூறு ரூபாய். மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. "பாருங்க தம்பி, நம்ம தமிழ் இருக்கு. இந்திக்கு மேல இருக்கு"ன்னார். பார்த்தேன். முதலில் இங்கிலீஷ், அடுத்து தமிழ், அதற்குக் கீழேதான் இந்தி. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்க மாட்டேன். தினம் ஆயிரக்கணக்கில் நோட்டு எண்ணுகிறவன் நான். நம்ம நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழி இருக்கிறது. ஆங்கில அகர வரிசைப்படி. தமிழ் பதின்மூன்றாவது வரி. பூதக்கண்ணாடி வைத்துத் தேடணும். இந்தியும் இங்கிலீஷும் மட்டும் கொட்டை எழுத்தில்.

வீட்டுக்குப் போய் அந்த நோட்டின் கதையைத் தேடிப் படிச்சேன். சிலிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

1998 நவம்பரில் மொரீஷியஸ் மத்திய வங்கி புதிய நோட்டு வரிசை ஒன்றை வெளியிட்டது. அதுவரை இங்கிலீஷ், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை, புதிய நோட்டில் இங்கிலீஷ், இந்தி, தமிழ் என்று மாறிவிட்டது. அங்குள்ள தமிழர்கள் கொதித்துப் போனார்கள். 'தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், இந்திக்காரர்கள் பிறகுதான் வந்தார்கள், எனவே எங்கள் மொழிதான் முன்னால்' என்பது அவர்கள் வாதம். போராட்டம் வலுத்தது. 1999 ஜூனில் அச்சடித்த அத்தனை நோட்டையும் அரசாங்கம் திரும்பப் பெற்றது. பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். அந்த மறு அச்சு நோட்டைத்தான் பெரியவர் எனக்குக் காட்டினார். மக்கள்தொகையில் ஒரு சிறு பங்கு, ஒரு நாட்டின் பணத்தையே திருப்பி அச்சடிக்க வைத்தது என்பது லேசான காரியம் இல்லை. ஒரு வங்கி ஊழியனாக அதன் செலவும் சிக்கலும் எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது நம்ம மேடைகளில் கைதட்டு வாங்குகிற கதை. இனி கைதட்டு வராத பகுதி.

அந்த நோட்டில் மூன்று மொழி இருக்கிறது என்றேன். அந்தத் தீவில் ஜனங்கள் வாயில் இருக்கிற மொழி எது? இங்கிலீஷ் கிடையாது. தமிழும் கிடையாது, இந்தியும் கிடையாது. கிரியோல். அடிமைகளும் எசமானர்களும் தோட்டத்தில் பேசிப் பேசி உண்டான மொழி. சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, உயிர் அடிமைகளுடையது. 2011 கணக்கெடுப்பில் வீட்டில் பேசுவது கிரியோல்தான் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 84 பேர். தமிழர் வீட்டிலும் அதுதான், இந்திக்காரர் வீட்டிலும் அதுதான். சண்டையில் 'எங்க தமிழ் முன்னால' என்று கத்தியதுகூடப் பாதிப்பேர் கிரியோலில்தான் கத்தியிருப்பார்கள். ஆனால் நோட்டில் கிரியோலுக்கு ஒரு வரி கிடையாது. முதல் வரியும் இல்லை, கடைசி வரியும் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே 2012-இல்தான் அதை ஒரு விருப்பப் பாடமாக உள்ளே விட்டார்கள்.

நோட்டில் முகங்களும் உண்டு. 100 ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர். 200-இல் ஒரு முஸ்லிம் தலைவர். 500-இலும் 2000-இலும் இந்துக்கள். 25-இல் சீனர். 1000-இல் காயேத்தான் துவால், கிரியோல் மக்கள் தங்கள் ராஜா என்று கொண்டாடிய அரசியல்வாதி. ஆளுக்கொரு நோட்டு என்று பங்கு வைத்திருக்கிறார்கள். ஆகக் கிரியோல் மக்களுக்கு முகம் கிடைத்தது, வாய் கிடைக்கவில்லை. (ஏழு முகமும் ஆண் முகம். அதைக் கூட்டத்தில் இருக்கிற தங்கச்சிகள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.)

தேதியைக் கவனிச்சுக்கங்க. நோட்டு வெளிவந்தது 1998 நவம்பர். திரும்பப் பெற்றது 1999 ஜூன். நடுவில் 1999 பிப்ரவரி 21 இருக்கிறது. அன்றைக்குத் தலைநகர் போர்ட் லூயிஸில் போலீஸ் காவலில் ஒரு பாட்டுக்காரர் செத்துக் கிடந்தார். பெயர் காயா. பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் ரெஜினால்ட் தொப்பிஸ். துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவா என்கிற குடியிருப்பில் வளர்ந்தவர். கிரியோல் சேகாவையும் ஜமைக்காவின் ரெகேயையும் சேர்த்து 'செகே' என்று ஒரு இசையை உண்டாக்கியவர். கஞ்சா குடித்ததைக் குற்றமாக்கக் கூடாது என்று நடந்த ஒரு கச்சேரியில் புகைத்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பிணம். வயசு 38. ரோஷ் புவா பற்றி எரிந்தது. காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, தீவு சில நாட்கள் நின்றுபோனது. மறுநாளே பெர்ஜே அகாத் என்கிற இன்னொரு பாடகர் போலீஸ் குண்டுக்கு விழுந்தார்.

லாக்கப்பில் சாவு என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. யார் பிள்ளை லாக்கப்பில் சாவான், யார் பிள்ளையை ஜாமீனில் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று இந்தக் கூட்டத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம்.

ஒரே காலத்தில் ஒரே தீவில் இரண்டு கோபம். ஒரு கோபம் 'எங்க மொழியை ஒரு வரி கீழே இறக்கிட்டியே' என்றது. நோட்டு மாறியது. இன்னொரு கோபம் 'எங்க பிள்ளையைக் கொன்னுட்டியே' என்றது. அதற்கு என்ன மாறியது?

இந்தக் கிரியோல் மக்கள் யார்? பாடப்புத்தகப் பதில், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் சந்ததி. சரிதான். ஆனால் அது முழுசு இல்லை. தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தீவு பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. புதுச்சேரியும் அவன் கையில் இருந்தது. 1735-இல் கவர்னராக வந்த லபூர்தொனே துறைமுகம் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார், தச்சர், கொல்லர் என்று கைவினைஞர்களைக் கொண்டுபோனான். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். 'முதலில் வந்தவர்கள் தமிழர்' என்ற வாதத்துக்கு இவர்கள்தான் சாட்சி. ஆனால் அதே கப்பல்களில் இன்னொரு சரக்கும் போனது. அடிமைகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பெருமையாகப் பேசுகிறோம் அல்லவா, அதிலேயே 1743-இல் ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் அடிமையாகக் கப்பலேற்றி விற்ற கும்பலைப் பற்றிய பதிவு இருக்கிறது. பஞ்ச காலத்தில் பசிக்கு விற்கப்பட்டவர்கள், வழியில் மறித்துத் தூக்கப்பட்டவர்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளையா தூக்கினான்? காணாமல் போனால் கேட்க நாதியில்லாத பிள்ளைகளைத் தூக்கினான். அது எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்லணுமா?

தீவில் இறங்கியதும் அந்த அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்க அடிமையோடு ஒரே கொட்டடியில் போட்டார்கள். ஒரே பானையில் தின்றார்கள், ஒருத்தருக்கொருத்தர் வாழ்க்கைப்பட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் தமிழ் போனது, ஊர் போனது, பெயர் போனது. அவர்கள் கிரியோல் ஆனார்கள்.

ஆக, 1998-இல் 'முதலில் வந்தவர்கள் தமிழர்கள்' என்று முழக்கம் போட்டார்களே, முதலில் வந்தவர்களில் ஒரு பகுதியின் ரத்தம் நோட்டில் வரி கேட்ட கூட்டத்தில் இல்லை. அது ரோஷ் புவாவில் எரிந்துகொண்டிருந்தது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரலை. தமிழ் என்று ஒன்று அங்கே உயர்ந்து நிற்கிறது. அந்தத் தமிழுக்குள் அடங்காமல் வழியில் உதிர்ந்துபோன தமிழர்களை அந்தத் தமிழ் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் உதிர்ந்தவன் அடிமை, கறுப்பன், கிறிஸ்தவன். அவனைச் சேர்த்துக்கொண்டால் பெருமை குறைந்துபோகும்.

அடுத்த அலை ஒப்பந்தக் கூலிகள். 1835-இல் அடிமை முறை அங்கே ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை. வெள்ளை அரசாங்கம் தன் சாம்ராஜ்யம் முழுக்க நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவனுக்கு. அடிமைக்குச் சல்லிக் காசு இல்லை. விடுதலையானவன் கரும்புக் காட்டில் கால் வைக்க மாட்டேன் என்று கடற்கரைக்குப் போனான், மீன் பிடித்தான். முதலாளி இந்தியாவுக்குக் கப்பல் விட்டான். 1834-இலிருந்து 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அதில் நாலில் ஒரு பங்கு மதராஸ் மாகாணத்திலிருந்து போனவர்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் இறங்கிய படிக்கட்டு இன்றைக்கு ஆப்ரவாசி காட் என்ற உலகப் பாரம்பரியச் சின்னம், 2006-இலிருந்து.

இறங்கினவனை வரிசையில் நிறுத்தி ஒரு பேரேட்டில் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் தழும்பு. அப்புறம் ஒரு பத்தி, சாதி. கடலில் வாரக்கணக்கில் ஒரே அடித்தட்டில் கிடந்து, ஒரே தண்ணீரைக் குடித்து வந்தவனிடம் கரையேறினதும் வெள்ளைக்காரன் கேட்டது, நீ என்ன சாதி? மதராஸ் கப்பல் பேரேடுகளில் பறையர் என்று எழுதப்பட்ட வரிகள் நிறையவே உண்டு. இங்கே சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் போய்ப் பார்த்திருப்பீங்க. வட்டெழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. அதெல்லாம் சிலையைச் செய்வித்தவர்களின் பெயர். கல் உடைத்தவன் பெயர் எதுவும் அதில் இல்லை. நம்ம முன்னோர் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறினது பல இடத்தில் இந்த மாதிரிக் கூலிப் பேரேட்டிலும் ஜெயில் பேரேட்டிலும்தான். விசித்திரமான ஆவணக் காப்பகம் நம்முடையது.

1867-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியனும் போட்டோ ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்கணும். இல்லாமல் மாவட்டம் தாண்டினால் நாடோடி என்று பிடித்து உள்ளே போடலாம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. 1871-இல் 9,401 பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டு மனுக் கொடுத்த பிறகுதான் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது. இந்த ஊரில் இதைச் சொல்லும்போது பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் சுருக்கென்று படும். கைரேகைச் சட்டம் இந்தப் பகுதிக் கள்ளர் மக்களை அப்படித்தான் ராத்திரி ராத்திரி சாவடியில் படுக்க வைத்தது. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் 16 பேர் அதை எதிர்த்துச் செத்தார்கள். அந்த வலி தெரிந்தவர்கள் டீக்கடையில் நமக்குத் தனிக்குவளை வைத்தார்கள் என்பது வேறு கதை. வேறு கதையும் இல்லை, இதே கதைதான். அதற்கு வருகிறேன்.

அஞ்சலை என்று ஒரு பெண். அஞ்சலை குப்பன். 1943 செப்டம்பர் 27, பெல் வூ ஹரேல் கரும்புத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. நாலு பேர் உயிர் போனது. அஞ்சலைக்கு வயது 32, கர்ப்பிணி. இன்றைக்கு அங்கே ஒரு விளையாட்டு மைதானத்துக்கு அவர் பெயர். அஞ்சலை என்கிற பெயர் நம்ம தெருவில் எத்தனை பேருக்கு இருக்கிறது! தமிழர் அடையாளம் என்று பேசுகிறவர்கள் காவடியைக் காட்டுகிறார்கள், கோயில் கோபுரத்தைக் காட்டுகிறார்கள். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை என்று பூரிக்கிறார்கள். அஞ்சலையைச் சொல்ல மாட்டார்கள். கூலி கேட்டுச் செத்தவளை எந்தத் தமிழ்ப் பெருமைக்குள் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது தேசியம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்கலாம். 1967 தேர்தலில் விடுதலைக்கு ஆதரவாக விழுந்த ஓட்டு 56 சதம். 44 சதம் எதிர்த்தது. எதிர்த்தவர்களில் கிரியோல் மக்கள் அதிகம். வெள்ளைக்காரன் போனால் இந்து பெரும்பான்மை நம்மை விழுங்கும் என்ற பயம். (1947-க்கு முன்னால் அண்ணல் எழுப்பிய கேள்வியை நினைத்துப் பாருங்க. அதிகாரம் யார் கைக்கு மாறப் போகுது என்று கேட்டதற்குத்தான் அவரைத் துரோகி என்றார்கள்.) அரசியல் சட்டத்தில் மக்களை நாலு பெட்டியாகப் பிரித்தார்கள். இந்து, முஸ்லிம், சீனர். நாலாவது பெட்டிக்குப் பெயர் 'பொது மக்கள்'. இலக்கணம் என்ன தெரியுமா? வாழ்க்கை முறையை வைத்துப் பார்த்தால் மேற்படி மூன்றிலும் சேராதவர்கள். மிச்சம். ஒரு ஜனத்துக்கு அரசியல் சட்டம் கொடுத்த பெயர் மிச்சம்!

அதோடு நிற்கவில்லை. அந்த மிச்சப் பெட்டிக்குள் அடிமையின் பேரனும் இருக்கிறான், அடிமையை வைத்திருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளியின் பேரனும் இருக்கிறான். ரெண்டு பேரும் ஒரே சமூகமாம். புள்ளிவிவரம் எடுத்தால் சராசரி போடலாம். ஒருத்தன் சர்க்கரை ஆலை வைத்திருக்கிறான், ஒருத்தன் தகரக் கொட்டகையில் இருக்கிறான், சராசரியில் ரெண்டு பேரும் ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். 'இந்து' என்கிற பெட்டியில் நம்மையும் நம்மை ஊருக்கு வெளியே வைத்தவனையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களே, அதே வேலை. பண்டிதர் அயோத்திதாசர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று எங்களைத் தனியாகப் பதிவு செய் என்று மன்றாடியது இந்தப் பெட்டியிலிருந்து வெளியேறத்தான். 'தமிழர்' என்பதும் இன்னொரு பெட்டி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

நவீனமாதல் வந்தால் இதெல்லாம் கரைந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. படிப்பு வரும், தொழிற்சாலை வரும், சாதி போகும். மார்க்சிய வகுப்பில் நானும் அப்படிப் படித்தவன்தான். அந்தத் தீவு நவீனமானது, அதில் சந்தேகமே வேண்டாம். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டு ஆயத்த ஆடை ஆலைகளைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் ஆயிரமாயிரமாக வேலைக்குப் போனார்கள். பிறகு சுற்றுலா. பிறகு கடல் கடந்த நிதித் தொழில். 1982-இல் நம்ம நாடு அவர்களோடு செய்த வரி ஒப்பந்தத்தால், 2016-இல் அதைத் திருத்துகிறவரை, நம்ம பங்குச் சந்தைக்கு வந்த அந்நிய முதலீட்டில் பெரும்பங்கு மொரீஷியஸ் விலாசத்தில்தான் வந்தது. ஒரு லட்சம் நகைக்கடனுக்கு வருகிற அம்மாவிடம் நாங்கள் ஆதார், பான், ரேஷன் கார்டு என்று மூன்று நகல் கேட்போம். அந்தப் பணத்திடம் 'நீ யாரு'ன்னு கேட்க ஆள் இல்லாத காலம் அது.

ஆனால் நவீனம் எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டவில்லை. ரோஷ் புவா ஆண்கள் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் சோறு. 1980-இல் மூட்டையே இல்லாமல் சர்க்கரையைக் குழாய் வழியாகக் கப்பலில் கொட்டும் நவீன முனையம் திறந்தார்கள். நாட்டுக்கு லாபம். மூட்டை தூக்கியவன் வீட்டுக்கு வந்துவிட்டான். காயா வாலிபனானது அந்த வேலையற்ற தெருவில்.

படிப்பிலும் ஒன்று பாருங்க. தீவில் உயர்நிலைப் படிப்பு இலவசம், 1977-லிருந்து. நல்ல விஷயம். ஆனால் அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கழுத்தறுப்புப் பரீட்சை இருந்தது. அதில் ரேங்க் வாங்கினால்தான் நல்ல பள்ளி கிடைத்தது. 'மூதாதையர் மொழி' என்று இந்தி, தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் பாடமாக உண்டு. அந்த மதிப்பெண்ணையும் ரேங்குக்குச் சேர்க்கணும் என்று கிளம்பினார்கள். 1995-இல் அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்துத் தோற்று, நாடாளுமன்றம் கலைந்து, தேர்தலில் ஆளும் கூட்டணி துடைத்தெறியப்பட்டது. கேள்வி எளிமையானது. கிரியோல் பிள்ளைக்கு எது மூதாதையர் மொழி? அவன் மூதாதையின் நாக்கை அறுத்துத்தானே கப்பலேற்றினீர்கள்? மூதாதையர் நாடு உள்ளவனுக்கு இரண்டு பரீட்சைத் தாள், நாடு பிடுங்கப்பட்டவனுக்கு ஒன்று. அந்த வரிசையில் தமிழும் நின்றது, கூச்சமில்லாமல்.

பறைக்கு வருகிறேன். அவர்களிடம் 'ரவான்' என்று ஒரு கருவி. மர வளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது. அடிக்கிறதுக்கு முன்னால் தீ மூட்டி அனலில் காட்டுவார்கள். கேட்கும்போதே கை ஊறுதுல்ல? சேகா என்ற ஆட்டமும் பாட்டும் அந்த ரவானோடு சேர்ந்தது. அடிமைகள் ராத்திரியில் ஆடியது. பாதிரியாருக்கும் எசமானுக்கும் அது அசிங்கம், காட்டுமிராண்டித்தனம். பிறகு சுற்றுலா வந்தது. ஓட்டலில் வெள்ளைக்காரன் சாப்பிடும்போது பூப்போட்ட பாவாடை கட்டி ஆட வைத்தார்கள். பிறகு அதுவே தேசிய அடையாளம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆட்டம் தேசத்துக்குச் சொந்தமானது, ஆடினவன் ரோஷ் புவாவிலேயே இருக்கிறான்.

இங்கே சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்து அடி வாங்கியதும் நம்ம ஆட்கள். அதே பறையை விடுதலை மேடையில் ஏற்றியதும் நம்ம ஆட்கள். இப்போது பறை 'ஆதித் தமிழர் இசை' ஆகிவிட்டது. கல்லூரி விழாவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள், அடிக்கட்டும். ஆனால் 'தமிழர் இசை' என்று சொல்கிற அதே வாய், ஊரில் அதை அடிக்கிற ஆளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

ஒரு தோழர் முன்னாடியே என்னிடம் சொன்னார்: "நீ அந்தத் தமிழர்களை ரொம்பக் குறை சொல்றே. கடல் தாண்டிப் போனதால நம்ம ஜனத்துக்கு நல்லது நடக்கவே இல்லையா?" நடந்தது. அதை மறைத்தால் நான் பொய்யன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்ட முதலாளிகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது, கூலியாகப் போனவன் காசு சேர்த்து நிலம் வாங்கினான். இங்கே பஞ்சமி நிலத்தையே பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஒரு பறையர் வீட்டுப் பிள்ளை சொந்தக் கரும்பு வெட்டியிருக்க முடியும். தனிக்குவளை இல்லை, தனிச் சுடுகாட்டுப் பாதை இல்லை. தமிழர்களுக்குள் சாதி மங்கியது. கப்பலின் அடித்தட்டு செய்த வேலை அது, சாஸ்திரம் செய்ததில்லை. ஆனாலும் வட இந்திய இந்துக்களிடையே வைஷ், ரவிவேத் என்று சாதிக் கணக்குப் போட்டுத்தான் இன்றைக்கும் வேட்பாளரை நிறுத்துகிறார்கள். தீவின் பிரதமர்களில் ஒரே ஒருவர், 2003 முதல் 2005 வரை இருந்த போல் பெராங்ஷே, இந்து அல்லாதவர். அவரும் வெள்ளையர். கிரியோல் பிரதமர் இதுவரை இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே சாதியால் மேலே ஏறமுடியாதவன், தமிழன் என்ற பெயரில் மேலே ஏறினான். ஏறினதில் தப்பே இல்லை. ஏறின ஏணியின் கடைசிப் படியில் வேறொருத்தன் தலை இருந்தது. பெருங்காமநல்லூரில் குண்டு வாங்கினவர்களின் பிள்ளைகள் நமக்குத் தனிக்குவளை வைத்ததும் இந்த ஏணிக் கணக்கில்தான். நாளைக்கு நாம் ஏறும்போது நம்ம காலடியில் யார் தலை இருக்கும்? இந்தச் சேரிக்குள்ளேயே கேளுங்க. நம்மிடையே அருந்ததியர் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்காத வீடு எத்தனை? கை தூக்க வேண்டாம், மனசுக்குள் எண்ணுங்க.

அண்ணல் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில், நாம் ஏற்கெனவே ஒரு தேசம் என்று நம்புவது மாயை, சாதிகளே தேச விரோதமானவை என்ற பொருளில் பேசினார். இந்தியத் தேசியத்தைப் பற்றி அவர் சொன்னதைச் சுலபமாக ஒத்துக்கொள்கிற நம்ம தமிழ்த் தேசியத் தோழர்கள், அதே அளவுகோலைத் தமிழுக்கு வைத்தால் முகம் சுளிக்கிறார்கள். நான் தமிழில்தான் கவிதை எழுதுகிறேன். வேறு மொழி எனக்குத் தெரியாது. நோட்டில் தமிழ் பதின்மூன்றாவது வரியில் இருப்பது எனக்கும் உறுத்துகிறது. இந்தி வந்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் தமிழுக்கு இரண்டாவது வரி வாங்கிக் கொடுக்கிற போராட்டத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவரிடம் நான் ஒன்றைக் கேட்பேன். காயா செத்த அன்றைக்கு உங்க ஊர்வலம் எந்தத் தெருவில் போச்சு?

அந்தப் பெரியவர் கதையை முடிக்கவில்லை. அடுத்த மாதமும் பென்ஷனுக்கு வந்தார். நோட்டைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சொல்ல ஆசை. கவுண்டரில் எவ்வளவு சொல்ல முடியும்? 1998 சண்டையைச் சொன்னேன், மகிழ்ந்தார். பிறகு காயாவைச் சொன்னேன். லாக்கப்பில் செத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பணத்தை எண்ணி மடியில் செருகினார். "பாவம்"ன்னார். போகத் திரும்பியவர் நின்று, "ஏந்தம்பி, அவரு தமிழரா?"ன்னு கேட்டார்.

பின்னால் வரிசையில் ஆள் நின்றது. அடுத்த டோக்கன் நம்பரை அழுத்திவிட்டேன்.

கேள்வி இருந்தா கேளுங்க.